ஆங்கில மண்ணில் முகலாயக் குவிமாடம்

இங்கிலாந்தின் குளோஸ்டர்ஷயரில், பசுமையான மலைச்சரிவொன்றில், பச்சை பூத்த செப்புக் குவிமாடம் ஒன்று எழுந்து நிற்கிறது. அது பள்ளிவாசலும் அன்று; அடக்கத்தலமும் அன்று. செசின்கோட் என்னும் செல்வர் மாளிகை அது.

கிழக்கிந்தியக் கும்பினியில் பணிபுரிந்த கர்னல் ஜான் காக்கரெல் 1795இல் இந்நிலத்தை வாங்கினார். 1798இல் அவர் மறையவே, வங்காளத்தில் பெரும்பொருள் ஈட்டித் திரும்பிய அவர்தம் இளவல் சார்லஸ் 1805 அளவில் மாளிகை எழுப்பத் தொடங்கினார். அதனை வடிவமைத்த மற்றோர் உடன்பிறந்தார் சாமுவேல் பெபிஸ் காக்கரெல் இந்தியாவில் கால் வைத்தவரே அல்லர்! காணாத நாட்டின் கலையை அவருக்குக் காட்டியவை தாமஸ் டேனியல் என்னும் ஓவியரின் படங்களும் அறிவுரைகளுமே. 1786 முதல் 1793 வரை இந்தியாவில் தங்கிய டேனியல், 1792இல் நம் மதுரையையும் பாபநாச அருவியையும் கண்டு வரைந்தவர்.

வெங்காய வடிவக் குவிமாடம், மூலைகளில் சத்திரிகள், மயில்தோகை விரித்தாற்போன்ற சாளர வளைவுகள், கற்கொடுங்கைகள் தாங்கும் ‘சஜ்ஜா’ எனும் அகன்ற இறவாணம் ஆகியன புறத்தே பொலிகின்றன. உள்ளே நுழைந்தாலோ, கிரேக்க, உரோமானிய மரபைத் தழுவிய ஐரோப்பியக் கூடங்களே காணப்படுகின்றன. ஆடை முகலாயம், உடல் ஆங்கிலம். சஜ்ஜாவையே எடுத்துக்கொள்வோம். ஆக்ராவின் கடும் வெயிலைத் தடுத்துச் சுவரைக் குளிர்விக்கப் பிறந்த உறுப்பு அது. வெயிலுக்கு ஏங்கும் நாட்டில் அதற்கு அழகன்றி வேறு வேலையில்லை. தோட்டத்திலோ சூரியனுக்கு ஒரு சிறுகோயிலும், பாலத்தின்மேல் நந்திகளும் உள்ளன. இக்கலப்பைக் குறையென நாம் கருதவில்லை. அக்பரின் பதேப்பூர் சிக்ரியிலும் இருமரபும் கலந்தே நிற்கின்றன. ஆயினும் அங்குக் கலந்தவை வாழ்ந்த மரபுகள். இங்குக் கலந்தவை வரைந்த படங்கள். இக்குவிமாடத்தைக் கண்டு பெருமை கொள்வோர், அதனை எழுப்பிய பொருள் எங்கிருந்து சென்றது என்பதையும் எண்ணிப்பார்த்தல் வேண்டும்.

1807இல் இம்மாளிகையைக் கண்டு மகிழ்ந்த பட்டத்திளவரசர், பின்னாளில் பிரைட்டன் கடற்கரையிலிருந்த தம் மாளிகையை, 1815 முதல் ஜான் நாஷ் என்பவரைக் கொண்டு குவிமாடங்கள் சூழ மாற்றியமைத்தார். முதல் உலகப்போரில், 1914 முதல் 1916 தொடக்கம் வரை, அம்மாளிகை இந்தியப் போர்வீரர்களின் மருத்துவமனையாயிற்று. இந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் தனித்தனியே சமையற்கூடங்களும் தண்ணீர்க் குழாய்களும் அமைக்கப்பட்டன. கும்பினிச் செல்வர் அழகுக்காகத் தொடங்கிவைத்த குவிமாட மோகம், நூறாண்டு கழித்துக் காயமுற்ற இந்தியருக்கு நிழலாயிற்று. அங்கு உயிர்நீத்த முஸ்லிம் வீரர்களின் உடல்கள் ஓக்கிங் நகருக்குக் கொண்டு செல்லப்பட்டு, 1889இல் எழுந்த ஷாஜகான் பள்ளிவாசலின் பொறுப்பில் நல்லடக்கம் செய்யப்பட்டன.