நீர் விளையாட்டும் வாகனச் சாவியும்

ரிஷிகேசத்தில் ராஃப்டிங் செல்வோர் பலர், தம் காரை ஊரிலேயே நிறுத்திவிட்டு, படகு நடத்துவோரின் ஜீப்பில் ஏறி, ஏறத்தாழ 16 கிலோமீட்டர் மேலே உள்ள சிவ்புரிக்குச் செல்கின்றனர். அங்கிருந்து கங்கையோடு இறங்கி வரும்போது உடல் முழுவதும் நனைகிறது. கைப்பேசியைப் பற்றி எல்லோரும் முன்கூட்டியே யோசிக்கிறோம். காற்சட்டைப் பையில் கிடக்கும் கார்ச் சாவி நினைவுக்கு வருவது, பெரும்பாலும் முதல் அலை முகத்தில் அறைந்த பிறகுதான்.

முன்பு சாவி என்பது ஓர் உலோகத் துண்டு. நனைந்தால் துடைத்துக்கொண்டால் போதும். இன்றைய ரிமோட் சாவிக்குள் மின்சுற்றுப் பலகையும், பெரும்பாலும் சிஆர்2032 எனப்படும் 3 வோல்ட் பட்டன் பேட்டரியும் உள்ளன. பேட்டரி உள்ளே இருக்கும்போது நீர் புகுந்தால் மின்சாரம் பாயக் கூடாத இடங்களில் பாய்ந்து, செம்புத் தடங்களை அரித்துவிடும். கடல்நீர் உப்பின் காரணமாக மின்சாரத்தை நன்கு கடத்துவதால், கோவாவிலோ கோவளத்திலோ நனைந்த சாவி, ஆற்றில் நனைந்ததைவிட விரைவில் கெடுகிறது.

சாவி நனைந்துவிட்டால் பொத்தானை அழுத்திச் சோதித்துப் பார்க்கக் கூடாது. உறையைப் பிரித்து முதலில் பேட்டரியை எடுத்துவிட வேண்டும். கடல்நீர் என்றால் நல்ல நீரில் ஒருமுறை அலசி, நிழலில் காற்றோட்டமாக ஓரிரு நாள் உலரவிட வேண்டும். அரிசிப் பானைக்குள் புதைப்பதால் பயன் குறைவு. மாவுத் தூசி உள்ளே சேர்வதுதான் மிச்சம். பேட்டரி இல்லாமலேயே கார் கிளம்புவதும் உண்டு. சாவியில் உள்ள இம்மொபிலைசர் சிப்புக்குப் பொதுவாகப் பேட்டரி தேவையில்லை. ஸ்டார்ட் பொத்தான் கொண்ட கார்கள் பலவற்றில், சாவியைப் பொத்தானை ஒட்டிப் பிடித்தால் எஞ்சின் இயங்கும். கதவைத் திறக்க, சாவியின் உள்ளேயே செருகப்பட்டிருக்கும் சிறு உலோகச் சாவி உதவும்.

நனையாமல் காப்பது இதைவிட எளிது. வாய்ப்பகுதியை மூன்று முறையேனும் சுருட்டிக் கொக்கியிடும் டிரை பேக், தெறிக்கும் நீரையும் சிறிது நேர முழுக்கையும் தாங்கும். ஐபி67 என்று குறிக்கப்பட்ட உறை, 1 மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் வரை தாங்க வேண்டும் என்பது அக்குறியின் பொருள். எதை வாங்கினாலும், உள்ளே ஒரு காகிதக் கைக்குட்டையை வைத்து, வீட்டு வாளி நீரில் அரை மணி நேரம் அமிழ்த்திப் பாருங்கள். பையை உயிர்காப்பு உடையின் உட்புறத்தில் கயிற்றால் கட்டிக்கொள்வது நல்லது. படகில் கட்டினால், படகு கவிழும்போது அது நம்மிடம் இராது.

இவ்வளவு சிரமம் எதற்கென்று, சிலர் சாவியைச் சக்கரத்தின் மேல் மறைத்துவிட்டு ஆற்றில் இறங்குகின்றனர். இதில்தான் எங்களுக்குக் கவலை அதிகம். சாவி அருகில் இருப்பதை உணர்ந்தாலே கதவு திறக்கும் கார்களில், ஒளித்து வைத்த சாவி வருவோர் போவோர் அனைவருக்கும் கதவைத் திறந்துவிடக்கூடும். கார் களவு போனால், வாகனத்தைக் காக்க நியாயமான எல்லா நடவடிக்கையும் எடுக்க வேண்டும் என்னும் பாலிசி நிபந்தனையைக் காப்பீட்டு நிறுவனம் சுட்டிக்காட்டும். இழப்பீடு மறுக்கப்பட்டு நீதிமன்றம் வரை சென்ற வழக்குகள் உண்டு; நிபந்தனை மீறப்பட்ட சில வழக்குகளில் 75 விழுக்காடு வரையே கிடைத்திருக்கிறது. கடனில் வாங்கிய கார் என்றால், இழப்பீட்டுத் தொகை முதலில் கடன் நிலுவைக்கே செல்லும். அது குறைந்தாலோ தாமதமானாலோ, இல்லாத காருக்கு மாதத் தவணை செலுத்த நேரும்.

சாவி மாற்றுச் செலவுக்கெனத் தனிக் கூடுதல் காப்பு கிடைக்கிறது. நீரில் கெட்ட சாவியும் அதில் அடங்குமா என்பதை, புதுப்பிக்கும்போது பாலிசிப் பத்திரத்தில் படித்துக்கொள்ளுங்கள்.

களவுக் கோரிக்கையின்போது நிறுவனங்கள் வழக்கமாக இரண்டு சாவிகளையும் கேட்கின்றன. எனவே இரண்டாவது சாவியைக் காரின் டேஷ்போர்டு பெட்டியில் வைக்காதீர்கள். அது இப்போது எங்கே இருக்கிறது என்று உடனே சொல்ல முடியாதவர்கள், பயணம் கிளம்புமுன் வீட்டு அலமாரியை ஒருமுறை திறந்து பார்த்துவிடலாம்.