ஓடும் காரில் கேட்கும் ஓசை: காரணம் அறியும் முறை

பால்மரம் சீவுவோருக்கு உளியின் போக்கை யாரும் நாள்தோறும் விளக்க வேண்டியதில்லை. உளி பட்டையைச் சீவிச் செல்கின்றதா, அல்லது மரத்தின் உட்பகுதியைத் தொட்டுக் காயப்படுத்திவிட்டதா என்பதைக் கையும் காதும் அக்கணமே உணர்ந்துவிடும். ஆண்டுக்கணக்கான பழக்கத்தால் வந்த அறிவு அது.

இவ்வறிவில் ஒரு சிறு பங்கையேனும் நாம் நமது காரின்பால் செலுத்துகின்றோமா? தோட்டத்தில் வாழும் குடும்பங்கள் பலவற்றிற்குக் கார் ஆடம்பரப் பொருள் அன்று. மருத்துவமனைக்கும் பள்ளிக்கும் பட்டணத்துக் கடைகளுக்கும் செல்ல அதுவே துணை. அதுவும் பெரும்பாலும் பிறர் ஓட்டி, நாம் வாங்கிய பழைய கார். அத்தகைய வண்டியில் திடீரென ஓர் ஓசை எழுமாயின் நம்முள் பலர் இரண்டு தவறுகளுள் ஒன்றைச் செய்கின்றோம். வானொலியின் ஒலியைக் கூட்டி அதனை மறந்துவிடுவது ஒன்று. “ஏதோ சத்தம் கேட்கிறது, பாருங்கள்” என்று மட்டும் கூறி வண்டியைப் பட்டறையில் விட்டுவிடுவது மற்றொன்று. முதல் தவறு உயிருக்கு ஆபத்து. இரண்டாவது தவறினால் உதிரிப்பாகங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மாற்றப்படும். சம்பளப் பணம் கரையும். ஓசை மட்டும் போகாது. இவ்விரண்டையும் தவிர்க்கும் வழியை இப்பாடத்தில் காண்போம்.

ஓசை ஏன் எழுகின்றது?

காரில் எழும் வழக்கத்திற்கு மாறான ஓசைகளுக்குப் பெரும்பாலும் மூன்று காரணங்களே உள்ளன. உராயும் பகுதிகளுக்கிடையே எண்ணெயோ கிரீஸோ வற்றிப்போவது முதலாவது. நட்டு, போல்ட்டு போன்றவை தளர்ந்துபோவது இரண்டாவது. இரும்புக்கும் இரும்புக்கும் நடுவே மெத்தை போல் இருக்கும் ரப்பர் கெட்டுப்போவது மூன்றாவது.

இம்மூன்றாவது காரணம் நமக்கு மிகவும் நெருங்கியது. நாம் எடுக்கும் பாலிலிருந்து கிடைக்கும் இயற்கை ரப்பர் டயரில் மட்டுமன்றி, இயந்திரத்தைத் தாங்கும் மவுண்டிங்கிலும், சக்கரங்களைத் தாங்கும் கைகளின் புஷ்களிலும் பயன்படுகின்றது. அதிர்வை உள்வாங்கிக்கொள்ளும் ஆற்றல் அதற்கு உண்டு. ஆயினும் வெப்பமும் முதுமையும் அதனை வெடிக்கச் செய்யும்; இயந்திர எண்ணெய் கசிந்து தொடர்ந்து படுமாயின் அது ஊதி மென்மையாகிவிடும். ரப்பர் தன் வேலையைக் கைவிட்டதும் இரும்பு இரும்போடு மோதத் தொடங்கும். நம் காதில் விழுவது அந்த மோதலே.

முதற்கேள்வி: இயந்திரமா, சக்கரமா?

ஓசை கேட்டவுடன் கேட்க வேண்டிய முதற்கேள்வி இதுவே. காரில் சுழலும் பகுதிகள் இருவகை. இயந்திரத்தோடு சுழல்பவை ஒருவகை. சக்கரத்தோடு சுழல்பவை மற்றொரு வகை.

ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். சிறிய காரின் டயர் ஒருமுறை சுழன்றால் வண்டி ஏறத்தாழ 1.7 மீட்டர் நகரும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகம் என்பது நொடிக்கு 16.7 மீட்டர். ஆகவே அவ்வேகத்தில் சக்கரம் நொடிக்குப் பத்துமுறை சுழலும். இயந்திரமோ நிமிடத்திற்கு 3,000 சுற்று ஓடுமாயின் நொடிக்கு ஐம்பது முறை சுழலும். வேகத்தை 12 கிலோமீட்டருக்குக் குறைத்தால் சக்கரம் நொடிக்கு இரண்டே முறை சுழலும். அப்போது ‘டக், டக்’ என்று எண்ணக்கூடிய அளவில் ஓசை கேட்குமாயின் அது சக்கரத்தைச் சேர்ந்தது எனக் கொள்ளலாம்.

இனி, சோதனைக்கு வருவோம். முதலில் வண்டியை நிறுத்தி, கைப்பிரேக்கை இழுத்து, கியரை நியூட்ரலில் வைத்து, எண்ணெய் மிதியை மெல்ல அழுத்துக. நின்ற நிலையிலேயே ஓசை எழுந்தால் காரணம் இயந்திரப் பக்கத்தில் உள்ளது. எழவில்லையெனில், நேரான, சமமான, போக்குவரத்து இல்லாத சாலையில் 40 கிலோமீட்டர் வேகத்தில் சென்று, கிளட்சை மிதித்துக் கியரை நியூட்ரலுக்கு மாற்றுக. இயந்திரம் அடங்கிய பின்னும் ஓசை தொடர்ந்து, வண்டியின் வேகம் குறையக் குறைய அதுவும் குறையுமாயின் சக்கரத்தை ஐயுறலாம். இவ்விரண்டாம் சோதனை கையால் கியர் மாற்றும் வண்டிக்கே உரியது.

இங்கு ஓர் எச்சரிக்கை. வண்டி ஓடும்போது எக்காரணம் கொண்டும் சாவியைத் திருப்பி இயந்திரத்தை அணைத்தலாகாது. பிரேக்கிற்குத் துணைசெய்யும் விசை குன்றும். சாவியைப் பிடுங்கினால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும். இறக்கத்திலும் இச்சோதனையைச் செய்யலாகாது. ஓட்டுபவரின் கவனம் சாலையில் இருக்கட்டும். உடன் அமர்ந்தவர் காது கொடுத்துக் கேட்கட்டும்.

இரண்டாம் கேள்வி: எப்போது எழுகின்றது?

ஓசை எழும் வேளையே அதன் இருப்பிடத்தைக் காட்டிக்கொடுக்கும்.

பிரேக் பிடிக்கும்போது ‘கீச்’ என்னும் ஒலி கேட்டால், பிரேக் கட்டை தேய்ந்துவிட்டது என்பதை அறிவிக்கும் சிறு உலோகத் தகடு வட்டில் உரசியிருக்கலாம். இது முன்னறிவிப்பு. அதனைப் புறக்கணித்தால் கட்டை முற்றிலும் தேய்ந்து, ‘கரகர’வென இரும்பும் இரும்பும் அரைபடும், பிரேக்கின் ஆற்றல் குன்றும், வட்டையும் சேர்த்து மாற்ற நேரிடும்.

ஸ்டியரிங்கை முழுதும் ஒடித்துத் திரும்பும்போது மட்டும் ‘கடக், கடக்’ எனக் கேட்டால் முன்சக்கரத்தை இயக்கும் தண்டின் வெளிமூட்டு, அதாவது சி.வி. ஜாயிண்ட், தேய்ந்திருக்கலாம். இம்மூட்டை மூடியுள்ள உறை கிழிந்து, கிரீஸ் சிதறி, செம்மண் புகுவதே பெரும்பாலும் இதன் தொடக்கம். மாதம் ஒருமுறை முன்சக்கரத்தின் உட்புறத்தைக் குனிந்து பார்த்தால் கிழிசலை முன்னரே காணலாம். உறையை மாற்றும் செலவு சிறிது. மூட்டையே மாற்றும் செலவு பெரிது.

மேடுபள்ளத்தில் ஏறி இறங்கும்போது ‘தொம்’ எனக் கேட்டால் புஷ், பால் ஜாயிண்ட், அதிர்வு தாங்கி ஆகியவற்றைச் சோதிக்கச் சொல்லுக. இவற்றுள் பால் ஜாயிண்ட் கழன்றால் சக்கரம் சாய்ந்துவிடும், ஆகவே காலந்தாழ்த்தலாகாது.

வேகம் கூடக் கூட ‘ஊம்’ எனும் இரைச்சலும் கூடினால் சக்கரத்தின் பேரிங், அல்லது ஒழுங்கின்றித் தேய்ந்த டயர் காரணமாகலாம். இவ்விரண்டின் ஓசையும் ஏறக்குறைய ஒன்றே. பலர் ஏமாறும் இடம் இதுவே. சாலையின் மேற்பரப்பு மாறும்போது ஓசையும் மாறினால் டயரை ஐயுறுக. முன்டயரையும் பின்டயரையும் இடம் மாற்றிப் பார்க்கலாம். ஓசையும் இடம் மாறினால் குற்றவாளி டயரே. இதற்குப் பணச்செலவு இல்லை. மாறாக, நீண்ட வலப்புற வளைவில் ஓசை மிகுந்தால் இடப்பக்கத்துப் பேரிங்கை ஐயுறுக. ஏனெனில் வலப்புறம் திரும்பும்போது வண்டியின் பாரம் இடச்சக்கரங்களின் மேல் சாய்கின்றது. இடப்புற வளைவிற்கு இதனை மாற்றிக் கொள்க.

புகைக்குழாய்ப் பக்கம் உறுமல் மிகுந்தால் குழாயில் ஓட்டை விழுந்திருக்கலாம். இஃது இரைச்சல் மட்டும் தரும் குறை அன்று. இயந்திரப் புகையில் கார்பன் மோனாக்சைடு எனும் நச்சு வாயு உள்ளது. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. கண்ணாடிகளை மூடிய வண்டிக்குள் அது புகுமாயின் உறங்கும் குழந்தைகளுக்கு உயிர்ச்சேதமும் நேரலாம்.

ஓர் அனுபவம்

சில ஆண்டுகளுக்கு முன் எனக்கு நேர்ந்ததை இங்குக் கூறுவது பயன் தரும். தோட்டம் ஒன்றில் மாலைக் கூட்டத்திற்குச் செல்லும் வழியில் டயர் காற்றிழந்தது. நானே மாற்றுச் சக்கரத்தைப் பூட்டிக்கொண்டு புறப்பட்டேன். சிறிது தொலைவு சென்றதும் ‘டிக், டிக்’ என்று ஓர் ஓசை. செம்மண் சாலையாதலின் டயர்ப் பள்ளத்தில் கல் சிக்கியிருக்கும் என எண்ணினேன். கூட்டத்திற்கு நேரமாகிவிட்டதே என்னும் கவலை வேறு. ஆயினும் ஓசை ‘டக், டக்’ என வலுத்தது. ஸ்டியரிங்கிலும் ஒரு நடுக்கம் தெரிந்தது. மனமில்லாமலே இறங்கிப் பார்த்தேன். நான்கு நட்டுகளுள் இரண்டு கையாலேயே சுழற்றும் அளவிற்குத் தளர்ந்திருந்தன. இன்னும் சில கிலோமீட்டர் சென்றிருந்தால் சக்கரம் தனியே ஓடியிருக்கும்.

தவறு முற்றிலும் என்னுடையதே. சக்கரம் அந்தரத்தில் இருந்தபோது முடுக்கியதோடு விட்டுவிட்டேன். வண்டியைத் தரையில் இறக்கிய பின் மீண்டும் இறுக்கவில்லை. நட்டுகளை வரிசையாக அன்றி, எதிரெதிராக இறுக்க வேண்டும். சக்கரம் தரையில் அமர்ந்ததும் மறுபடி இறுக்க வேண்டும். 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடிய பின் மீண்டும் ஒருமுறை சோதிக்க வேண்டும். “கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்” என்பது நம் முன்னோர் வாக்கு. டயரில் சிக்கிய கல்லும் தளர்ந்த நட்டும் தொடக்கத்தில் ஒரே குரலில் பேசக்கூடும். இறங்கிப் பார்த்தாலன்றி வேறுபாடு விளங்காது.

உடனே நிறுத்த வேண்டிய வேளைகள்

கீழ்க்காணும் நான்கு வேளைகளில் வீடு சென்று பார்ப்போம் என்றிருத்தல் கூடாது. விளக்கிட்டு, சாலையோரம் ஒதுங்கி, வண்டியை நிறுத்திவிடுக.

1. இயந்திரத்தில் ஆழ்ந்த தட்டொலி எழுந்து, எண்ணெய் எச்சரிக்கை விளக்கும் எரிதல்.
2. சக்கரத்தில் தட்டொலியோடு ஸ்டியரிங்கும் நடுங்குதல்.
3. பிரேக் பிடிக்கையில் இரும்பு அரைபடும் ஓசை எழுதல்.
4. ‘உஸ்’ என்று நீராவி சீறி, வெப்பமானி உயர்தல். சூடு ஆறும்வரை ரேடியேட்டர் மூடியைத் திறத்தலாகாது.

ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கடியில் நுழைதலும் கூடாது.

பட்டறையில் கூறும் முறை

மருத்துவரிடம் செல்வோர் “எனக்கு இன்ன மருந்து கொடுங்கள்” என்று கூறுவதில்லை. எங்கே வலி, எப்போது வலி என்றே கூறுவர். பட்டறையிலும் அவ்வாறே கூறுக. “பேரிங்கை மாற்றுங்கள்” என்று கூறினால் பேரிங் மாற்றப்படும். ஓசை போகும் என்பதற்கு உறுதியில்லை. ஓசை எத்தகையது, எவ்வேகத்தில் எழுகின்றது, வளைவிலா, பிரேக்கிலா, மேட்டிலா, அண்மையில் எப்பகுதி பழுதுபார்க்கப்பட்டது என்பனவற்றை ஒரு தாளில் எழுதிச் செல்க. இயலுமாயின் மெக்கானிக்கையும் உடன் ஏற்றிச் சென்று ஓசையைக் கேட்கச் செய்க. மாற்றிய பழைய பாகத்தைக் காட்டும்படி கேட்பது உரிமையே. அதில் நாணம் வேண்டுவதில்லை.

பயிற்சி

1. காலையில் இயந்திரத்தை முடுக்கியதும், வண்டி நகரும் முன்பே, ‘கீச்’ ஒலி கேட்டுச் சில நிமிடங்களில் மறைகின்றது. எதனைச் சோதிப்பீர்?
2. நேராக ஓடுகையில் ஓசை இல்லை. பள்ளி வாசலில் முழுதும் திருப்பிப் புறப்படுகையில் ‘கடக், கடக்’ எனக் கேட்கின்றது. எதனைச் சோதிப்பீர்?
3. நியூட்ரலுக்கு மாற்றியும் ‘ஊம்’ ஒலி நீங்கவில்லை. சாலை மாறினும் ஓசை மாறவில்லை. இடப்புற வளைவில் மிகுகின்றது. எதனைச் சோதிப்பீர்?

விடைகள்: 1. இயந்திரத்தின் முன்புற பெல்ட். அது தளர்ந்தோ தேய்ந்தோ இருக்கலாம். 2. சி.வி. ஜாயிண்டும் அதன் உறையும். 3. வலப்பக்கச் சக்கரத்தின் பேரிங்.

மூன்றிற்கும் சரியான விடை கூறியவர்கள், இவ்வார இறுதியில் தம் காரின் உறைகளையும் டயர்களையும் சக்கர நட்டுகளையும் ஒருமுறை பார்த்துவிடுவார்களாக. தவறியவர்கள் பாடத்தை மீண்டும் ஒருமுறை படித்துவிட்டு, அதே வேலையைச் செய்வார்களாக.