சந்தை பூட்டிக்கிடந்த கிழமை

2022 ஏப்ரல் 19. பெற்றோல் லீற்றர் 254 ரூபாயிலிருந்து 338 ஆன முதல் நாளே ரம்புக்கனையில் சனம் தண்டவாளத்தில் இறங்கிவிட்டது. பொலிஸ் சுட்டதில் ஒருவர் செத்தார். அந்தக் கிழமை கொழும்புப் பங்குச் சந்தையும் பூட்டிக்கிடந்தது. 18 முதல் 22 வரை மூடிவைக்கச் சொல்லி உத்தரவு. இரண்டையும் சேர்த்துப் பார்த்த பலருக்கு ஒரு கணக்கு மனதில் பதிந்துபோனது.

நம்பிக்கை: நாடு நொடித்தால் பங்கும் விழும், நாடு நிமிர்ந்தால்தான் எழும்.

உண்மை: 2021இல் டொலர் வற்றிக்கொண்டிருந்தபோதுதான் கொழும்புச் சுட்டெண் ஒரே வருடத்தில் 80 வீதம் ஏறியது. வைப்புக்கு வட்டி குறைவு, காசு பங்குக்குப் போனது. 2023இல் பொருளாதாரம் சுருங்கியது. சுட்டெண்ணோ ஏறத்தாழ 25 வீதம் கூடியது. மந்தம் வரும் என்று உலகமே பயந்த அதே வருடம் அமெரிக்காவின் எஸ் அண்ட் பி 500 சுட்டெண்ணும் 24 வீதம் ஏறியது. சந்தை பார்ப்பது இன்றைய அடுப்பை அல்ல, நாளைய வட்டியை. வளர்ச்சி மட்டும் தளர்ந்தால் மத்திய வங்கி வட்டியைக் குறைக்கலாம். விலைவாசியும் கூடவே ஏறினால் அதன் கை கட்டப்பட்டுவிடும். 1970களில் அமெரிக்கா பட்ட பாடு அதுதான். உலகச் சந்தைகளைப் பற்றிப் பயப்பட வேண்டிய இடமும் அதுவே. மற்றபடி, வருட முடிவில் சுட்டெண் எங்கே நிற்கும் என்று அடித்துச் சொல்பவரிடம் நான் சீட்டுக் காசைக்கூடக் கொடுக்கமாட்டேன்.

நம்பிக்கை: பணவீக்கம் இறங்கினால் சாமான் விலையும் இறங்கும்.

உண்மை: கொழும்புப் பணவீக்கம் 2022 செப்டெம்பரில் 69.8 வீதம், அடுத்த செப்டெம்பரில் 1.3 வீதம். 100 ரூபாய்ச் சாமான் 170 ஆனது, பிறகு 172 ஆனது. அவ்வளவுதான்.

நம்பிக்கை: பங்குச் சந்தை கொழும்பு ஆட்களின் விளையாட்டு, லயத்துக்கு என்ன?

உண்மை: கேகாலைப் பக்கத்துத் தோட்டக் கம்பனிகளின் பங்குகளும் அங்கேதான் கைமாறுகின்றன. வெளிநாட்டில் டயர் விற்காவிட்டால் இங்கே றப்பர் பாலுக்கு விலை இல்லை.

இதைவிடப் பெரிய விஷயம் ஈ.பி.எப். என்ற ஊழியர் சேமலாப நிதியம். அந்தக் காசில் பெரும்பகுதி அரசாங்கத்தின் திறைசேரி முறிகளில் இருக்கிறது. பங்கில் இருப்பது கொஞ்சம். பங்கில் போடாத காசு பத்திரம் என்று நினைக்கிறோம். 2022இல் நிதியம் கொடுத்த வட்டி 9 வீதம். வருடம் முழுக்கப் பால் வெட்டியவரின் கணக்குச் சீட்டில் நூறு ரூபாய் 109 ஆகியிருந்தது. அந்தச் செப்டெம்பரில் உணவுப் பணவீக்கம் மட்டும் 94.9 வீதம்; முந்தைய வருடம் நூறு ரூபாய்க்கு வாங்கிய அரிசியும் பருப்பும் 195 ரூபாய்க்கு வந்து நின்றன. சீட்டில் எந்த இடத்திலும் கழித்தல் குறி இல்லை.