டியூலிப்பா, சயாம் டியூலிப்பா? வண்ணார்பேட்டை வீட்டுக்கு ஏற்ற கிழங்குப் பூ

டியூலிப் மத்திய ஆசியாவின் மலைச்சரிவுகளில் பிறந்த செடி. பனிக்காலம் முழுக்க மண்ணுக்குள் கிடந்து, 12 முதல் 16 வாரம் வரை 10 டிகிரிக்கும் குறைந்த குளிரில் இருந்தால்தான் கிழங்குக்குள் ஒளிந்திருக்கும் பூத்தண்டு ஒழுங்காக நீளும். திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் மார்கழி விடியற்காலையில்கூட 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம். சித்திரையில் பேராத்துச்செல்வி அம்மன் கோயில் பக்கம் தாமிரபரணி ஆற்றங்கரையில் போய் நின்றாலும் காற்று அனலாகத்தான் இருக்கும். அதனால் இந்த ஊரில் டியூலிப் வேண்டும் என்கிறவர்கள் குளிருக்குத் தனியாக ஏற்பாடு செய்தாக வேண்டும். அந்தப் பாடு தேவையா, அல்லது நம் வெக்கையிலேயே பூக்கும் வேறு கிழங்குச் செடி போதுமா என்பதைத் தொட்டி வாங்கும் முன்பே முடிவு செய்துகொள்வது நல்லது.

ஸ்ரீநகரில் தால் ஏரியைப் பார்த்தபடி ஜபர்வான் மலையடிவாரத்தில் இருக்கும் டியூலிப் தோட்டத்துக்கு இந்தக் கவலை இல்லை. அங்கே பனியே வேலையைப் பார்த்துவிடும். டெல்லி சாந்திபத் சாலையோரம் பிப்ரவரியில் பூக்கிறவை, நெதர்லாந்திலிருந்து குளிரூட்டப்பட்டு வரும் கிழங்குகள். டெல்லியின் தை, மாசிக் குளிர் அவற்றைச் சில வாரம் தாங்குகிறது. அந்தக் குளிரும் நமக்குக் கிடையாது. சாந்திபத் படத்தைப் பார்த்துவிட்டு மொட்டைமாடியில் அதே வரிசையை எதிர்பார்க்க வேண்டாம்.

இங்கே டியூலிப்புக்கு இரண்டு வழி உண்டு. ஒன்று, கிழங்கை வாங்கி நாமே குளிரூட்டுவது. இன்னொன்று, மொட்டு விட்ட தொட்டியாகவே வாங்குவது.

கிழங்குதான் என்றால், ஐப்பசிக்குள் வாங்கி ஃபிரிட்ஜின் காய்கறித் தட்டில் காகித உறைக்குள் வைக்க வேண்டும். பிளாஸ்டிக் பையில் கட்டினால் வேர்த்துப் பூசணம் பிடிக்கும். வாங்கும்போதே விரலால் அழுத்திப் பாருங்கள். பல்லாரி வெங்காயம் போலக் கெட்டியாக, கனமாக இருக்க வேண்டும். அமுங்கினாலும், நீலப் பூசணம் பரவியிருந்தாலும் வேண்டாம். அதே ஃபிரிட்ஜில் ஆப்பிளும் மாம்பழமும் வாழைப்பழமும் இருக்கக் கூடாது. பழுக்கும் பழம் விடுகிற எத்திலீன் வாயு கிழங்குக்குள் இருக்கும் மொட்டையே கருக்கிவிடும். அடுக்களையில் ஒரே ஃபிரிட்ஜ் வைத்திருக்கிற வீட்டில் மூன்று மாதம் பழம் வைக்காமல் சமாளிப்பது கஷ்டம். இன்னொன்றையும் அழுத்திச் சொல்கிறேன்: டியூலிப் கிழங்கு நஞ்சு, பார்வைக்கு வெங்காயம். உறைமேல் பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள். ஆச்சியோ வேலைக்கு வரும் அக்காவோ குழம்புக்கு உரித்துவிடக் கூடாது.

மூன்று மாதம் கழித்து நடும்போது, கிழங்கின் ஒரு பக்கம் சற்றுத் தட்டையாக இருப்பதைக் கவனியுங்கள். அந்தப் பக்கம் தொட்டியின் விளிம்பைப் பார்த்தபடி வைத்தால் முதல் பெரிய இலை வெளிப்புறமாக விரியும். நடுவில் பூக்களுக்கு இடம் கிடைக்கும். கிழங்கின் நுனியை மண் லேசாக மூடினால் போதும். இத்தனையும் செய்தாலும் 30 டிகிரி வெக்கையில் தண்டு குட்டையாக நின்றுவிடலாம், மொட்டு திறக்காமலே காயலாம். தனி ஃபிரிட்ஜும் ஏசி அறையும் பொறுமையும் இருக்கிறவர்களுக்கு மட்டும்தான் இந்த வழியைச் சொல்வேன்.

டியூலிப்பை வீட்டில் ஒரு தடவை பார்த்தால் போதும் என்கிறவர்களுக்கு மொட்டுத் தொட்டிதான் சரி. மொட்டில் நிறம் எட்டிப் பார்க்கிற பருவத்தில் வாங்குங்கள். முழுக்க விரிந்ததை வாங்கினால் பாதி ஆயுள் கடையிலேயே கழிந்திருக்கும். வீட்டில் மேற்கு ஜன்னல் ஆகவே ஆகாது. ஃபிரிட்ஜின் தலையிலும் டிவி பக்கத்திலும் வைக்காதீர்கள், அங்கே எப்போதும் சூடு. பகலில் பட்டாசலில் வெளிச்சம் உள்ள, வெயில் நேராக விழாத மூலை. ராத்திரி ஏசி ஓடும் அறையில், காற்று நேராக அடிக்காத இடம். மேல்மண் காய்ந்த பிறகு தண்ணீர் ஊற்றி, அடித்தட்டில் தேங்குவதைக் கொட்டிவிடுங்கள். தண்ணீரில் நிற்கும் கிழங்கு இந்த வெக்கையில் சீக்கிரமே அழுகிவிடும். தண்டு வெளிச்சத்தின் பக்கம் சாயும் என்பதால் தினமும் தொட்டியைக் கொஞ்சம் திருப்பி வையுங்கள்.

அந்தப் பூவை ஒரு நாள் முழுக்கக் கவனித்துப் பாருங்கள். ஏசி அறையிலிருந்து காலையில் எடுக்கும்போது கிண்ணம் போல மூடியிருக்கும். சூடு ஏற ஏற இதழின் உட்புறம் வேகமாக வளர்ந்து பூ விரிகிறது. குளிர்ந்ததும் வெளிப்புறம் வளர்ந்து மூடுகிறது. ஒவ்வொரு தடவை திறந்து மூடும்போதும் இதழ் கொஞ்சம் நீளும். நம் வெக்கையில் மூடவே நேரமில்லாமல் விரிந்தபடியே இருந்து மூன்று நான்கு நாளில் உதிரும். குளிர வைத்தால் ஒரு வாரம் தாண்டும். பூத்து முடிந்த கிழங்கு இங்கே மறுபடி பூக்காது. உரக்குழிக்குத்தான் போக வேண்டும், அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை.

வருஷா வருஷம் பூக்க வேண்டும் என்றால் சயாம் டியூலிப்தான் என் முதல் தேர்வு. பெயரில்தான் டியூலிப், குடும்பம் மஞ்சள் குடும்பம். தாய்லாந்தின் சையாபூம் பகுதிப் புல்வெளிகளில் மழைக்காலத்தில் இளஞ்சிவப்பாக விரிந்து கிடப்பது இதுதான். நாம் பூ என்று ரசிக்கும் இளஞ்சிவப்பு அடுக்கு உண்மையில் பூவடிச் செதில்கள். கீழடுக்கைக் குனிந்து பார்த்தால் சின்ன ஊதாப் பூக்கள் தெரியும். செதில்கள் தடிப்பாக இருப்பதால் வாரக்கணக்கில் வாடாமல் நிற்கும்.

கிழங்கின் அடியில் குட்டி உருண்டைகள் தொங்கும். தண்ணீரும் சத்தும் சேர்த்து வைத்திருக்கும் வேர் அவை, நடும்போது ஒடிக்கக் கூடாது. சித்திரை, வைகாசியில் இரண்டு அங்குல ஆழத்தில் நடுங்கள். செம்மண், மட்கிய உரம், தென்னைநார்க் கழிவு சம பங்கு போதும். வடிகாலுக்கு ஆற்று மணலைத் தேடிப் போகாதீர்கள். மணல் கொள்ளையைத் தடுக்கக் கம்யூனிஸ்ட் தலைவர் நல்லகண்ணு உயர் நீதிமன்றத்தில் வழக்காடிய ஆறு நம்முடையது, ஒரு தொட்டிக்காகக்கூட அதைச் சுரண்ட வேண்டாம். ஓட்டுச் சில்லும் கழுவிய எம்-சாண்டும் அந்த வேலையைச் செய்யும். காலை வெயில் விழும் கிழக்கு ஜன்னல் இதற்கு வாகான இடம். மேற்கிலிருந்து ஆடிக்காற்று அடிக்கும் பால்கனியில் இலை கிழிந்து தொட்டி ஒரே நாளில் காயும். கார்த்திகை வாக்கில் இலை பழுத்தால் பயப்பட வேண்டாம், அது தூங்கப் போகிறது. தண்ணீரை நிறுத்தி, தொட்டியோடு ஒரு மூலையில் வைத்துவிடுங்கள்.

வெயில் நன்றாக விழும் பால்கனிக்கு அமரில்லிஸ். தென் அமெரிக்கச் செடி, குளிர் கேட்காது. மார்கழி, தையில் தண்ணீரைக் குறைத்துக் காயப்போட்டு, மாசியில் மறுபடி ஊற்றினால் பூத்தண்டு கிளம்பும். கிழங்கின் மேல்பாகம் மூன்றில் ஒரு பங்கு மண்ணுக்கு வெளியே நிற்க வேண்டும். கறுப்பில் வெள்ளைப் புள்ளி போட்ட புழு ஒன்று இலையை இரவோடிரவாகத் தின்றுவிடும். கையால் பொறுக்குவதுதான் நல்ல மருந்து.

வெளிச்சம் குறைந்த வீட்டுக்கும் வளவு வீட்டு முற்றத்துக்கும் ஃபுட்பால் லில்லி. மே மாதத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட சிறு பூக்கள் சேர்ந்து ஒரே சிவப்புப் பந்தாக வரும். வருஷத்துக்கு ஒரு தடவைதான், அதற்குப் பிறகு மழைக்காலம் முழுக்க இலைதான் அழகு. தொட்டியை அடிக்கடி மாற்றினால் பூக்காது. சம்பங்கியை வீட்டுக்குள் முயல வேண்டாம். அதற்கு முழு வெயில் வேண்டும், தட்டட்டிதான் அதன் இடம். செங்காந்தள் நம் மாநிலப் பூவாக இருந்தாலும் அதன் கிழங்கு கடும் நஞ்சு என்பதால் குழந்தைகள் இருக்கும் வீட்டில் வேண்டாம்.

அமரில்லிஸ், ஃபுட்பால் லில்லிக் கிழங்குகளும் உண்ணத் தகாதவைதான். பூனை வளர்க்கிறவர்கள் சயாம் டியூலிப்போடு நிறுத்திக்கொள்ளலாம். எந்தக் கிழங்கை வாங்கினாலும் தொட்டியில் பெயரையும் நட்ட மாதத்தையும் எழுதி ஒரு குச்சி செருகி வையுங்கள். தை மாதத்தில் இலையெல்லாம் மறைந்து வெறும் மண்ணாகத் தெரியும் தொட்டியைக் காலி என்று நினைத்து யாராவது கவிழ்த்துவிடுவார்கள்.