கம்பிச் சக்கரமும் பஞ்சரும்

சித்தூரிலிருந்து திருப்பதிக்குச் சுமார் 70 கிலோமீட்டர். வழியில் மோட்டார் சைக்கிள் பஞ்சரானால் என்ன செய்வீர்கள்?

1950-களில் சென்னையில் தயாராகத் தொடங்கிய புல்லட்டைப் பாருங்கள். அதில் கம்பிச் சக்கரம். கம்பிகளின் முனைகள் ரிம்மில் உள்ள துளைகளில் நுழைந்து நிற்கின்றன. துளை இருந்தால் காற்று தங்காது. அதனால்தான் உள்ளே டியூப் போடுகிறார்கள். பழைய எம்.ஜி. கார்களின் கம்பிச் சக்கரத்திலும் இதே கதைதான்.

டியூபில் ஆணி ஏறினால் காற்று மளமளவென்று இறங்கும். வண்டி ஆடும். பயந்துபோய் பிரேக்கை அழுத்தாதீர்கள். கைப்பிடியை உறுதியாகப் பிடியுங்கள். வேகத்தைக் குறைத்து ஓரம் கட்டுங்கள். பிறகு தள்ளிக்கொண்டு போங்கள். ஏறி ஓட்டினால் டியூப் கிழியும், வால்வும் பிய்ந்துவிடும்.

பஞ்சர் கடையில் டியூபைத் தண்ணீரில் அமுக்குவார்கள். குமிழி எங்கே வருகிறது என்று நீங்களும் பாருங்கள். டயர் பக்கம் வந்தால் ஆணியோ முள்ளோ குத்தியிருக்கும். டயரின் உட்புறத்தைத் துணியால் தடவி அதை எடுக்கச் சொல்லுங்கள். ரிம் பக்கம் வந்தால் கம்பி முனை குத்தியிருக்கலாம். ரிம்மின் மேல் சுற்றிய ரப்பர் பட்டை நைந்துபோயிருக்கும். பட்டையை மாற்றாமல் ஒட்டுப் போட்டால் மறுபடியும் பஞ்சர்தான். கூலி தண்டம்!

சொல்யூஷன் தடவியதும் ஒட்டச் சொல்லி அவசரப்படுத்தாதீர்கள். அது கொஞ்சம் காய்ந்த பிறகு ஒட்டினால்தான் பிடிக்கும்.