லாரி ஏற்றி நிற்கிறது, இ-வே பில் பக்கம் திறக்கவில்லை

ஒரகடம், வல்லம் வடகால் பக்கம் கார் கம்பெனிகளுக்கு பாகம் செய்து கொடுக்கும் சிறு யூனிட்டுகளில் இது பழகிப்போன தலைவலி. உடனே எல்லாரும் சொல்வது, "இன்டர்நெட் பிளானை ஏத்துங்க." பணம் கட்டும் முன் லினக்ஸ் சர்வரில் சிலவற்றைப் பார்த்துவிடுங்கள்.

முதலில் கேபிள். 'எத்டூல்' கட்டளையோடு இன்டர்ஃபேஸ் பெயரைக் கொடுங்கள். கிகாபிட் போர்ட் 100 என்று காட்டினால், நான்கு ஜோடிக் கம்பியில் ஏதோ ஒன்று விட்டிருக்கலாம். கிரிம்பிங்கை மாற்றிப் பாருங்கள். அடுத்து, அதே கட்டளையில் மைனஸ் பெரிய எஸ் சேர்த்து சிஆர்சி பிழை எண்ணிக்கையைக் கவனியுங்கள். ஷாப் ஃப்ளோரில் மோட்டார் டிரைவின் பவர் கேபிளும் நெட்வொர்க் ஒயரும் ஒரே டிரேயில் ஓடினால் அந்த எண் ஏறிக்கொண்டே போகும். தனி டிரே போடுங்கள். 100 மீட்டர் தாண்டினால் ஃபைபர்தான்.

கேபிள் சரி என்றால் பிங். லைன் சும்மா இருக்கும்போது ஒருமுறை, பேக்கப் ஓடும்போது ஒருமுறை. 15 மில்லி செகண்டு 800 ஆகிறதா? மோடத்தில் பாக்கெட்டுகள் வரிசை கட்டி நிற்கின்றன. இதைத்தான் பஃபர்புளோட் என்கிறார்கள். பிளானை ஏற்றினால் கூடுதல் வேகத்தையும் பேக்கப்பே விழுங்கும்.

அடைப்பது யார் என்பதை 'நெட்ஹாக்ஸ்' புரோகிராம் வாரியாகக் காட்டும். சந்தேகம் முதலில் இஆர்பி பேக்கப் மேல் விழட்டும். அது ஆர்சிங்க் என்றால் 'பிடபிள்யூலிமிட்' 1000 என்று கொடுத்தால் போதும், சுமார் 8 மெகாபிட்டுக்குள் அடங்கும். பல இடங்களில் வேலை இத்தோடு முடிந்துவிடும்.

அப்படியும் முடியாவிட்டால், சர்வரே கேட்வேயாகவும் இருந்தால் 'டிசி' கட்டளை மூலம் வெளிப்பக்க இன்டர்ஃபேஸில் 'கேக்' என்ற வரிசை ஒழுங்குமுறையைப் போடலாம், லினக்ஸ் 4.19 முதல் கெர்னலிலேயே இருக்கிறது. 20 மெகாபிட் அப்லோடு லைனுக்கு 18 கொடுங்கள். அப்போதுதான் வரிசை மோடத்தை விட்டு நம் கைக்கு வரும். இது வெளியே போகும் டிராஃபிக்குக்கு மட்டுமே. உள்ளே வருவதற்கு ஐஎஃப்பி என்ற தனி ஏற்பாடு வேண்டும்.

ஒரு கண்ணி: டிசியில் 'எம்பிட்' என்றால் மெகாபிட், 'எம்பிபிஎஸ்' என்றால் மெகாபைட். மாற்றி அடித்தால் வரம்பு எட்டு மடங்காகிவிடும். யார் இப்படி வைத்தார்களோ!

பட்டப்பகலில் பேக்கப்பை வேண்டுமென்றே ஓடவிட்டு மீண்டும் பிங் பாருங்கள். ரீபூட் ஆனால் டிசி விதி அழிந்துவிடும் என்பதால் சிஸ்டம்டி சர்வீஸாக எழுதி வையுங்கள்.