நெல்லைக் கற்பிக்கும் காட்சிக்கூடம்

பொங்கற் பானையில் இடும் அரிசி எங்கிருந்து வருகின்றது என்று தோட்டத்துச் சிறுவன் ஒருவனைக் கேட்டுப் பாருங்கள். "கடையிலிருந்து" என்று தயங்காமல் விடையிறுப்பான். அவனைக் குறை கூறுவதற்கில்லை. அவன் பிறந்த லயத்தைச் சுற்றிலும் ரப்பர் மரங்களே நின்றன. பல தோட்டங்களில் இன்று அவையும் வீழ்ந்து செம்பனை எழுந்துவிட்டது. ஆயினும் அவனுடைய பாட்டனாரின் தந்தையார் தஞ்சையிலோ திருச்சியிலோ சேலத்திலோ ஏர் பிடித்தவராக இருந்திருக்கக் கூடும். கப்பலேறிய நாளில் கலப்பை அவர் கையை விட்டு நீங்கிற்று. பால்வெட்டுக் கத்தி அவ்விடத்தைப் பற்றிக்கொண்டது. தைப் பொங்கல் மட்டும் அவருடன் கடல் கடந்து வந்தது.

வியப்பு யாதெனில், அவர் வந்து சேர்ந்த கெடாவும் நெல் விளையும் நாடே. 'ஜெலாப்பாங் பாடி', அதாவது நெற்களஞ்சியம் என்பது இம்மாநிலத்தின் சிறப்புப் பெயர். கூலிம், பாடாங் செராய், சுங்கைப் பட்டாணி, பீடோங் எனத் தெற்கே ரப்பர்த் தோட்டங்கள் பரந்தன. 1,217 மீட்டர் உயர்ந்த குனோங் ஜெராய் மலையைத் தாண்டி வடக்கே சென்றால் கண்ணுக்கெட்டிய தொலைவு வரை வயல்கள். அந்த வயல்களைப் பேருந்தின் சன்னல் வழியே பார்த்ததோடு நம்மவரிற் பலருடைய பழக்கம் முடிந்துவிடுகின்றது. இத்தனைக்கும், இங்கே பெரும் போகம் அறுவடையாவது சனவரி, பிப்ரவரி மாதங்களில். நாம் லயத்து வாசலில் பொங்கலிடும் அதே நாட்களில் மலாய் உழவர்தம் வயல்களில் கதிர் சாய்ந்து நிற்கின்றது.

மறந்துபோகும் தொழிலை மக்கள் கண்முன் நிறுத்துவதற்கென்றே உலகில் சில இடங்கள் உண்டு. 1891ஆம் ஆண்டில் ஆர்தர் ஹசேலியஸ் என்பார் சுவீடன் நாட்டின் ஸ்டாக்ஹோம் நகரில் ஸ்கான்சென் என்னும் திறந்தவெளி அருங்காட்சியகத்தை அமைத்தார். பழைய உழவர் வீடுகளைப் பெயர்த்துக் கொணர்ந்து, கால்நடைகளுடனும் பணிசெய்யும் மனிதர்களுடனும் அங்கே நிலைநாட்டினார். அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் 1970இல் தோன்றிய வாழும் வரலாற்றுப் பண்ணைகள் இன்னும் ஒரு படி மேலே சென்றன. அங்கே ஒரு பண்ணையில் 1850ஆம் ஆண்டின் முறைப்படியும், மற்றொன்றில் 1900ஆம் ஆண்டின் முறைப்படியும் உண்மையாகவே உழவு நடக்கின்றது. தமிழகத்தில், சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டில் 1996இல் திறக்கப்பட்ட தட்சிணசித்ராவும் பழைய வீடுகளைப் பெயர்த்தெடுத்து மீண்டும் எழுப்பிய இடமே.

கெடாவில் அத்தகைய இடத்தைத் தேடுவோர் அலோர் ஸ்டார் நகரின் அருகே குனோங் கெரியாங் என்னும் சுண்ணாம்புக் குன்றின் அடிவாரத்திற்குச் செல்லலாம். 2004ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட நெல் அருங்காட்சியகம் அங்கே உள்ளது. அறுத்துக் கட்டிய நெற்கதிர்களை நினைவூட்டும் வட்ட வடிவக் கட்டடம் அது. மேல்தளத்தில் வட கொரிய ஓவியர்கள் தீட்டிய மாபெரும் வயற்காட்சி சுவரைச் சூழ்ந்துள்ளது. பார்ப்போர் அமர்வதற்கெனச் சுழலும் மேடையும் அமைத்துள்ளனர். ஓவியம் அழகியதே. எனினும், கீழ்த்தளத்தில் நேரத்தைச் செலவிடுக என்பதே எமது பரிந்துரை. தொழிலாளியின் கண்ணுக்குக் கருவிகளே பேசும்.

'தாஜாக்' என்பது நீண்ட பிடியும் வளைந்த அலகும் உடைய கருவி. நீர் நின்ற சேற்று வயலில் களையையும் பழைய தாளையும் வீசி அறுப்பதற்கு அதனைப் பயன்படுத்தினர். 'கூக்கு கம்பிங்', ஆட்டுக் குளம்பு எனப் பொருள்படுவது, நாற்றைச் சேற்றில் ஊன்றும் கவைக்கோல். 'துவாய்' என்பது உள்ளங்கையில் அடங்கும் சிறு கத்தி. அதனைக் கொண்டு கதிர்களை ஒவ்வொன்றாகக் கொய்வர். அரிவாள் இருக்க இச்சிறு கத்தி எதற்கு என்ற ஐயம் எழலாம். நெல்லுக்கு உயிர் உண்டு, பெரிய இரும்பைக் கண்டால் அது அஞ்சி அகன்றுவிடும் என்பது பழைய மலாய் உழவரின் நம்பிக்கை. முதற் கதிரைப் பணிவோடு அறுத்து இல்லத்திற்குக் கொணரும் நம் முன்னோரின் புதிரெடுக்கும் வழக்கம் இதற்கு வெகு தொலைவில் இல்லை. முறத்திற்கு இங்கே 'ஞீரு' என்று பெயர். பெயர்தான் வேறு, புடைக்கும் கையசைவு ஒன்றே.

அறுவடை விழா என்பது மேடையும் தோரணமும் கொண்டு தொடங்கியதன்று. உழைப்பின் நடுவே பிறந்தது. ஒருவர் வயலில் ஊரார் கூடி வேலை செய்வதும், பிறகு அவர் மற்றவர் வயலில் அதே அளவு உழைத்துக் கடனைத் தீர்ப்பதும் கெடாவில் 'பெர்டெராவ்' எனப்பட்டன. கூலியில்லாத அவ்வுழைப்பின் இடையே 'எம்பிங்' இடிக்கப்படும். முற்றியும் முற்றாமலும் உள்ள நெல்லை வறுத்து, சூடு ஆறுமுன் உரலிலிட்டுத் தட்டையாக இடித்து, உமி நீக்கித் தேங்காய்த் துருவலும் சர்க்கரையும் சேர்த்து உண்பர். நாம் அவல் என்பது இதுவே! அறுவடை முடிந்து வயல் காய்ந்ததும் இளைஞர் பட்டம் விடுவர், பம்பரம் சுழற்றுவர்.

இந்த வாழ்வு ஏன் காட்சிக்கூடத்திற்குள் புகுந்தது? நீரும் இயந்திரமும் காரணம். 1885இல் மாநில முதலமைச்சர் வான் முகமட் சமான் அலோர் ஸ்டாரிலிருந்து குரூண் நோக்கி ஒரு நீண்ட கால்வாயை வெட்டத் தொடங்கினார். அதன் பின்னர் 1970ஆம் ஆண்டளவில் மூடா, பெடு அணைகள் பயன்பாட்டிற்கு வந்து, மாடா எனப்படும் மூடா வேளாண்மை வளர்ச்சி வாரியமும் நிறுவப்பட்டது. சுமார் 96,000 ஹெக்டர் நிலத்தில் ஆண்டுக்கு இரு போகம் விளையலாயிற்று. விளைச்சல் பெருகியது; அரிசிக் கவலை குறைந்தது. இந்நன்மையை எவரும் மறுப்பதற்கில்லை.

ஆனால் 1970களின் பிற்பகுதியில் அறுவடை இயந்திரங்கள் வயலில் இறங்கின. சில ஆண்டுகளுக்குள் மூடாச் சமவெளியின் பெரும்பகுதியை அவையே அறுத்தன. கதிர் அறுத்த பெண்களும் நெல்லடித்த ஆண்களும் வேலையிழந்தனர். அடித்த தாளில் எஞ்சிய மணிகளைப் பொறுக்கிக் குடும்பம் காத்த ஏழைப் பெண்களுக்கு அதுவும் இல்லாமற் போயிற்று. 1978 முதல் 1980 வரை இச்சமவெளியின் சிற்றூர் ஒன்றில் தங்கி ஆராய்ந்த ஜேம்ஸ் ஸ்காட் என்னும் அமெரிக்க அறிஞர், 1985இல் வெளியிட்ட நூலில் இதனை விரிவாக எழுதியுள்ளார். இயந்திரத்தை அழைத்த நிலக்காரருக்கு நாற்று நட வரமாட்டோம் என்று நடவுப் பெண்கள் ஓசையின்றி ஒன்றுபட்டனராம். அம்முயற்சி நிலைக்கவில்லை. பின்னர் நேரடி விதைப்பு பரவியபோது நடவு வேலையும் சுருங்கிற்று. கண்ணாடிப் பேழையினுள் இருக்கும் துவாய்க் கத்தியைக் காணுகையில், அதனைப் பிடித்திருந்த கையையும் நினைத்துக்கொள்ள வேண்டும். சுழலும் மேடையிலிருந்து அது தெரியாது.

இச்செய்தி பால்வெட்டுத் தொழிலாளர்க்குப் புதிதன்று. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, குடும்பங்கள் நகர்ப்புறம் சென்றபோது நம் கருவிகள் எங்கே சென்றன? கத்தி துருப்பிடித்தது, மங்கு உடைந்தது, காண்டா வாளி பழைய இரும்புக்காரரிடம் போயிற்று. விடியற்காலைப் பிரட்டு, நிரை, ஒட்டுப்பால் என்னும் சொற்கள் பேரப்பிள்ளைகளின் செவியில் விழுவதேயில்லை. நெல்லுக்கு ஒரு வீடு கட்டிய மாநிலத்தில், தோட்டத்துப் பள்ளியின் ஒரு மூலையிலோ கோயில் மண்டபத்தின் ஓர் அலமாரியிலோ இவற்றுக்கு இடமளிப்பது பெருஞ்செலவன்று. கத்தி ஒன்று, மங்கு ஒன்று, காண்டா ஒன்று. பக்கத்தில் ஒரு சிறு தாள். அதில் கருவியின் பெயரை மூத்த பாட்டாளிகள் சொன்னவாறே எழுத வேண்டும். அகராதியைப் பார்த்துத் திருத்தலாகாது. கருவியைப் பயன்படுத்தியவரே அதனைக் கையிலேந்திப் பிள்ளைகளுக்கு விளக்கினால், அயோவாவில் செய்வதும் அதுதான்.

குனோங் கெரியாங் செல்ல விரும்பும் பெற்றோரும் ஆசிரியரும் சனவரித் திங்களின் பிற்பகுதியையோ பிப்ரவரியையோ தேர்ந்தெடுப்பது நன்று. அலோர் ஸ்டாரைச் சூழ்ந்த வயல்கள் அப்பொழுது பொன்னிறமாக இருக்கும். அறுவடை இயந்திரம் ஓடுவதையும் நேரில் காணலாம். அதனைத் தவறவிட்டால், இடைப் போகம் ஆகஸ்டு, செப்டம்பர் மாதங்களில் அறுவடைக்கு வரும். பிள்ளைகளிடம் ஒரு கைப்பிடி அவலைக் கட்டிக் கொடுத்து அழைத்துச் செல்லுங்கள். எம்பிங் என்பது யாதென்று அங்கே எவரும் விளக்க வேண்டியிராது.